அம்மை என்று நினைத்த தடிப்பு: வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

உடம்பில் காரணம் தெரியாமல் தடிப்பு வந்தால் வீட்டில் எல்லோரும் தடிப்பைத்தான் பார்க்கிறார்கள். என்ன நிறம், எங்கே தொடங்கியது, தெருவில் வேறு யாருக்கு இப்படி வந்திருக்கிறது என்று பேச்சு வளர்கிறது. ஆனால் இன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டுமா, நாலு நாள் பொறுக்கலாமா என்று முடிவெடுக்கத் தேவையான தகவல் பல நேரங்களில் அந்தத் தடிப்பில் கிடைப்பதில்லை. வாயைத் திறந்து பார்த்தால், கண்ணைப் பார்த்தால், மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தால் கிடைக்கிறது. மருத்துவராக நான் பார்த்த பழைய வண்ணாரப்பேட்டைப் பெண் ஒருவரின் நோயை முதல் நாளிலிருந்து முழுமையாக எழுதுவது இதற்காகத்தான். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

நோயாளியின் பின்னணி

வயது 42. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைகளை மடித்து அடுக்கும் வேலை. கணவர் சரக்கு லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். வீட்டில் மாமியாரும் பிளஸ் டூ படிக்கும் மகளும். சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் கிடையாது. எந்த மருந்தும் இதற்கு முன் ஒவ்வாமல் போனதில்லை.

பல மாதங்களாக அவருக்கு வலது கன்னத்தில் வலி. பல் துலக்கினால், வாய் கொப்பளித்தால், மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டால்கூட சில நொடிகள் மின்சாரம் பாய்வது போல வெட்டிவிட்டுப் போகும். பல்வலி என்று நினைத்து ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கியாகிவிட்டது; வலி அப்படியே இருந்தது. முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் முப்பிரிவு நரம்பில் வருகிற வலி இது. பல்வலி என்று தவறாக எண்ணப்படுவது இந்த நோயில் மிகச் சாதாரணம். கடைசியில் ஒரு நரம்பு மருத்துவர் சரியாகக் கண்டுபிடித்து, வலிப்புக்கும் தரப்படும் கார்பமசெபைன் எழுதிக் கொடுத்தார். இந்த வலிக்கு உலகம் முழுவதும் முதலில் கொடுக்கப்படும் மருந்து அதுதான். அந்தத் தேர்வில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

மாத்திரை தொடங்கிய மூன்று நாட்களில் வலி பாதியாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் வலப்பக்கத்திலும் மென்று சாப்பிட்டார். பின்னால் நடந்த குழப்பத்துக்கு இந்த நிம்மதி ஒரு முக்கியமான காரணம். நல்லது செய்த மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை.

நோயின் போக்கு

மாத்திரை தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம்.

14ஆம் நாள் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி. கண் இரண்டும் எரிந்தன. கோடைக் காய்ச்சல் என்று எண்ணி மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மூன்று விதமான மாத்திரைகளைச் சாப்பிட்டார். அட்டையிலிருந்து வெட்டிக் காகித உறையில் போட்டுக் கொடுத்த மாத்திரைகள் அவை. எதிலும் முழுப் பெயர் இல்லை.

16ஆம் நாள் காலையில் மார்பிலும் கழுத்திலும் புள்ளிகள் தெரிந்தன. மாலைக்குள் முதுகு, முகம், கைகள் என்று பரவின. மாமியார் பார்த்தவுடன் அம்மை என்றார்.

அந்த முடிவை நான் அறியாமை என்று ஒதுக்க மாட்டேன். சித்திரை மாதம். அதே தெருவில் இரண்டு குழந்தைகளுக்குச் சின்னம்மை போட்டிருந்தது. முதலில் காய்ச்சல், பிறகு புள்ளி என்ற வரிசையும் பொருந்தியது. மூன்று பிள்ளைகளுக்கு அம்மை பார்த்து எழுப்பிய அனுபவம் அவருக்கு. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. துவைத்த பழைய வேட்டியை விரித்து, வேப்பிலை பரப்பி மருமகளைப் படுக்க வைத்தார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. இளநீரும் கேழ்வரகுக் கூழும் மோரும்தான் உணவு. வெளியாட்கள் உள்ளே வரவில்லை. அம்மா வந்திருக்கிற உடம்புக்கு மாத்திரை ஆகாது என்று வீட்டிலிருந்த எல்லா மாத்திரைகளையும் மாமியார் நிறுத்தினார். முகவலி மாத்திரையும் அவற்றோடு நின்றது.

இவருக்கு வந்தது அம்மை இல்லை, ஒரு மருந்தின் எதிர்வினை. இந்த நோய்க்குச் செய்ய வேண்டிய முதல் சிகிச்சை, காரணமான மருந்தை உடனே நிறுத்துவதுதான். அதை அந்த வீட்டில் செய்தது ஒரு மருத்துவரோ செவிலியரோ இல்லை, மாரியம்மனுக்குப் பயந்த ஒரு மூதாட்டி. இதை முழு மரியாதையோடு பதிவு செய்கிறேன். மருந்து அன்றே நின்றதால் மருமகள் பிழைக்கும் வாய்ப்பு கூடியது. அதே நம்பிக்கையால் மருத்துவமனைக்குப் போவதில் இரண்டு நாள் தாமதமானதும் உண்மை. அதற்கான விலையைக் கண்கள் கொடுத்தன.

அன்று இரவு மகள் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் செவிலியர் பயிற்சியில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணுக்கு அனுப்பினாள். சின்னம்மை போலத்தான் இருக்கிறது, சொறிய விடாதே, நிறையத் தண்ணீர் கொடு என்று பதில் வந்தது. அந்தப் படத்தை நானும் பிறகு பார்த்தேன். குழல்விளக்கு வெளிச்சத்தில் மார்பில் சில கருஞ்சிவப்புப் புள்ளிகள். அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு முடிவுக்கு வருவது தோல் மருத்துவருக்கே கடினம். காய்ச்சல் எத்தனை டிகிரி, தொட்டால் எரிகிறதா, வாய்க்குள் என்ன இருக்கிறது என்பது எதுவும் படத்தில் வராது. படம் அனுப்பிக் கருத்துக் கேட்பது இப்போது எல்லா வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது. அனுப்புகிறவர்கள் வாயின் உட்புறத்தையும் கண்ணையும் சேர்த்து எடுத்து, காய்ச்சல் அளவையும் கடந்த இரண்டு மாதத்தில் தொடங்கிய மருந்துகளின் பெயர்களையும் எழுதி அனுப்பினால், பார்ப்பவருக்கு ஒரு முடிவு சொல்ல ஏதாவது இருக்கும்.

17ஆம் நாள் உதடுகள் வீங்கி, வெடித்து, இரத்தம் காய்ந்த பொருக்கு படிந்தது. இளநீரை விழுங்க முடியவில்லை. சிறுநீர் போகும்போது தாங்க முடியாத எரிச்சல்.

18ஆம் நாள் காலையில் கண் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. அன்று காலை அவர் முதன்முறையாகத் தன் மாமியாரிடம் ஒன்றைக் கேட்டார்: படுக்கையிலிருந்து வேப்பிலையை எடுத்துவிடுங்கள், படுகிற இடமெல்லாம் நெருப்பாக எரிகிறது என்று. மாமியாரின் மனத்தில் அந்த வார்த்தை தங்கிவிட்டது. அவர் பார்த்த அம்மையில் எல்லாம் பிள்ளைகள் வேப்பிலையைக் கேட்டு வாங்கித் தடவிக்கொண்டார்கள். அரிப்புக்கு அது இதமாக இருந்தது. இங்கே அரிப்பே இல்லை.

மகள் என்னை அழைக்க வந்தாள். ஊசி போடக் கூடாது, பார்த்துச் சொன்னால் போதும் என்று பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நான் மறுப்பதில்லை. நிபந்தனையோடு திறக்கும் கதவு, மறுத்தால் மூடிக்கொள்ளும்.

வீட்டில் கண்டது

காய்ச்சல் 102.4 டிகிரி. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 116. இரத்த அழுத்தம் 110/70. மூச்சு சற்று வேகம், ஆக்சிஜன் அளவு 97 சதவீதம். நினைவு தெளிவு. நாக்கு வறண்டிருந்தது, முந்தின இரவுக்குப் பிறகு சிறுநீர் ஒரே ஒரு முறைதான் போயிருந்தார்.

தோலில் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த தட்டையான புள்ளிகள், பல இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய திட்டுகளாகியிருந்தன. சிலவற்றின் நடுப்பகுதி மட்டும் கருத்திருந்தது. சிலவற்றின் மேல் தொளதொளவென்று நீர் கோத்திருந்தது. உள்ளங்கையிலும் இருந்தன. தலைச்சருமத்தில் ஒன்றும் இல்லை. சின்னம்மையாக இருந்தால் தலையில் முடிக்குள் இரண்டு முத்தாவது பெரும்பாலும் இருக்கும். ஒரே இடத்தில் சிவந்த புள்ளி, தண்ணீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு என்று வெவ்வேறு வயதுடைய முத்துகள் கலந்திருக்கும். இவருக்கு எல்லாமே ஒரே வயது.

ரவிக்கையின் விளிம்பு உரசும் தோள்பட்டையில் மேல்தோல் நழுவி, கீழே ஈரமான சிவந்த பரப்பு தெரிந்தது. தோல் உரிந்த இடம் அன்றைக்குக் குறைவுதான். நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அளவு, அவருடைய உடற்பரப்பில் சுமார் ஒரு சதவீதம். அந்தக் கணக்கில் மூன்று உள்ளங்கை உரிந்திருந்தது. தடிப்பு பரவியிருந்த இடமோ இருபது உள்ளங்கைக்கு மேல்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோல் நோய்ப் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலில் எடுக்கப்பட்டவை. நம் மாநிறத்திலும் கருப்பிலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருமையாக, ஊதாவாக, சில சமயம் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். எனவே நிறத்தை நம்பாமல் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு, வீக்கம், வலி இவை மூன்றும் எந்த நிறத் தோலிலும் ஒன்றுபோலத் தெரியும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பதும், உதட்டின் உட்புறம், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பார்ப்பதும் இதனால்தான்.

வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூடவே முடியாமல் இருந்தார். கன்னத்தின் உட்பக்கமும் நாக்கும் வெள்ளைச் சவ்வாக உரிந்து புண்ணாகியிருந்தன. கண்ணின் வெள்ளைப் பகுதி முழுவதும் சிவந்து, பிசுபிசுப்பான நீர் வடிந்தது.

மாத்திரை தேடியது

புதிதாக என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டேன். காய்ச்சல் மாத்திரை என்றார்கள். அதற்கு முன்னால் என்றேன். ஒன்றும் இல்லை என்றார்கள். இந்தப் பதில் பொய் இல்லை. காய்ச்சலுக்குச் சாப்பிட்டது மருந்து. வலி போவதற்குத் தினமும் காலையும் இரவும் சாப்பிட்டது அவர்கள் மனத்தில் மருந்துக் கணக்கிலேயே சேரவில்லை. அதனால் கேள்வியை மாற்றி, வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொன்னேன். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து மகள் ஒரு உறையை எடுத்து வந்தாள். பாதி வெட்டப்பட்ட அட்டை. விளிம்பில் "செபைன்" என்ற கடைசி எழுத்துகள் மட்டும் எஞ்சியிருந்தன. சீட்டைத் தேடி எடுத்தபோது தேதியும் கிடைத்தது. முதல் மாத்திரைக்கும் முதல் காய்ச்சலுக்கும் இடையில் இரண்டு வாரம்.

எல்லோரும் பழி போடுவது கடைசியாகச் சாப்பிட்டதன் மேல்தான். வடசென்னையில் அதற்கு அனுபவ நியாயமும் உண்டு. சரியாக ஐஸ் வைக்காத சூரையோ கானாங்கெளுத்தியோ சாப்பிட்டால் அதில் சேர்ந்துள்ள ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஒரு மணி நேரத்துக்குள் முகத்தைச் சிவக்க வைத்து உடம்பெல்லாம் தடிக்க வைக்கும். திடீரென்று அரித்துத் தடிக்கும் காணாக்கடியும் பெரும்பாலும் நிமிடங்களில், மணிகளில் வருவது. காசிமேட்டுப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, நேற்று என்ன சாப்பிட்டாய் என்பதுதான் தடிப்பைக் கண்டவுடன் வாயில் வரும் கேள்வி. ஆனால் உடலின் எதிர்ப்புச் செல்கள் ஒரு மருந்தைப் பகையாகக் கற்றுக்கொண்டு தோலைத் தாக்கும் நோய்க்கு நாட்கள் தேவை. இந்த வகை எதிர்வினை, மருந்து தொடங்கி 4 நாளிலிருந்து 28 நாளுக்குள் வருவதே மிகுதி. வலிப்பு மருந்துகளில் எட்டு வாரம்வரைகூட ஆகலாம். காய்ச்சல் வந்த பிறகு சாப்பிட்ட மாத்திரை அந்தக் காய்ச்சலை உண்டாக்கியிருக்க முடியாது. நேற்றைய மாத்திரையைக் கேட்பதோடு நிறுத்தினால், குற்றவாளி தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலேயே இருந்துவிடுவான்.

மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு மாத்திரை வாங்க மட்டுமே காசு இருப்பவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். வெட்டித்தான் கொடுக்க வேண்டும். உறையின் மேல் மருந்தின் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதிக் கொடுத்தால் போதும்.

முடிவெடுத்தது

வாயிலும் கண்ணிலும் புண். தொட்டால் வலிக்கும், உரியும் தோல். காய்ச்சலில் தொடங்கிய நோய். இரண்டு வாரத்துக்கு முன் தொடங்கிய, இந்த எதிர்வினைக்குப் பேர்போன மருந்து. மருந்தால் தோலும் வாய், கண் சவ்வுகளும் உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்குறி என்று கொள்ள இதைவிட அதிகம் தேவையில்லை. உண்மையில் இவற்றில் முதலாவது ஒன்று மட்டுமே இருந்திருந்தாலும் அன்றே அனுப்பியிருப்பேன். உடம்பில் தடிப்பும் அதோடு வாய், கண், பிறப்புறுப்பு ஆகிய ஈரச்சவ்வுகளில் இரண்டு இடத்தில் புண்ணும் இருந்தால், காரணத்தை யோசிக்க வேண்டிய இடம் மருத்துவமனைதான்.

பாட்டியிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "அம்மா, உங்கள் பிள்ளைகளுக்கு அம்மை பார்த்தீர்களே, யாருக்காவது கண் இப்படி ஒட்டியதா? தோல் இப்படி நழுவியதா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் மருமகளையே பார்த்தார். "இல்லை டாக்டரம்மா. இவள் வேப்பிலையை எடுக்கச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போங்கள். நான் வாசலில் கட்டியதை அவிழ்க்க மாட்டேன், அது இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்றேன். வேப்பிலைக்கும் மருத்துவமனைக்கும் பகை எதுவும் இல்லை. அந்தப் பெண்ணை அனுப்ப முடிவெடுத்தவர் அவர்தான். அவருக்குத் தெரிந்த அம்மையைப் பற்றிய அறிவை வைத்தே எடுத்தார்.

இந்த நோய் உண்மையிலேயே சின்னம்மையாக இருந்திருந்தாலும், 42 வயதில் அவரை முதல் நாளே மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானே அடங்கும் சின்னம்மை, பெரியவர்களுக்கு நுரையீரல் அழற்சிவரை கொண்டுபோகக்கூடியது. கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து. அசைக்ளோவிர் மாத்திரையைப் புள்ளி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அம்மைக்கு மருந்தில்லை என்ற எண்ணம் பெரியம்மைக் காலத்தில் உருவானது. அப்போது அது உண்மைதான். தனிமைப்படுத்துவதும், குளிர்ந்த நீராகாரமும், சுத்தமான துணியும் அந்தக் காலத்தில் செய்யக்கூடியவற்றில் சிறந்தவை. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது 1975இல். 1980இல் அது உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

108 ஆம்புலன்ஸ் வந்தது. மாத்திரை உறை, சீட்டு, நான் எழுதிய தாள் மூன்றையும் மகள் கையில் கொடுத்தேன். புண்ணான இடங்களில் எதையும் தடவாமல், துவைத்த மெல்லிய பருத்தித் துணியால் போர்த்தினோம். பிளாஸ்திரி எங்கும் ஒட்டக் கூடாது; எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

மருத்துவமனையில்

அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்த மூன்று நாட்களில் உரிந்த பரப்பு 8 சதவீதத்துக்கு உயர்ந்து நின்றது. 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்குறி. 30 சதவீதத்தைத் தாண்டினால் நச்சு மேல்தோல் அழிவு. இடைப்பட்டது இரண்டும் கலந்த நிலை. ஒரே நோயின் படிகள்தான் இவை. ஆபத்து படிக்குப் படி வேகமாக ஏறுகிறது: முதல் படியில் பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாக இறப்பு, கடைசிப் படியில் மூன்று பேரில் ஒருவர் அளவுக்கு. வயது, நாடித்துடிப்பு, புற்றுநோய் உண்டா, உரிந்த பரப்பு, இரத்த யூரியா, பைகார்பனேட், சர்க்கரை என்ற ஏழு அம்சங்களுக்கு மதிப்பெண் இட்டு முதல் நாளிலேயே ஆபத்தைக் கணிக்கும் முறை 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இவருக்கு வயது 40ஐத் தாண்டியதற்காக ஒரு மதிப்பெண் மட்டும். கணிக்கப்பட்ட இறப்பு வாய்ப்பு சுமார் 3 சதவீதம்.

சிகிச்சை தீக்காயத்துக்குச் செய்வது போன்றது. இரத்தக் குழாய் வழியாக நீர்ச்சத்து, மூக்குக் குழாய் வழியாக உணவு, பாரஃபின் தடவிய வலைத்துணி, சூடான அறை, கிருமி புகாத கவனிப்பு. எதிர்ப்புச் செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்தார்கள். கண் மருத்துவர் தினமும் வந்து, இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளாதபடி பிரித்துவிட்டுச் சொட்டு மருந்து போட்டார். தோல் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் புதிதாக வளர்ந்துவிடும். கண்ணில் வரும் ஒட்டுதலும் தழும்பும் வாழ்நாள் முழுக்க நிற்கும். கண் மருத்துவரைத் தினமும் வரவழைப்பது இதனால்தான்.

மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினார். விரல் நகங்கள் சில கழன்று புதிதாக முளைத்தன. உடம்பில் வெளுப்பும் கருப்புமாகத் திட்டுகள் பல மாதம் இருந்தன. கண்களில் வறட்சி நின்றுவிட்டது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு தினமும் பலமுறை வேண்டும். கடையில் நாள் முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் நிற்க முடியாமல் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டார். இரண்டு நாள் முன்னால் கண் சிகிச்சை தொடங்கியிருந்தால் இந்த வறட்சி குறைந்திருக்கலாம் என்றே நான் எண்ணுகிறேன்.

மற்றத் தடிப்புகளில் இதே கேள்வி

ஒரு நிகழ்வைச் சொல்லிவிட்டு எல்லாத் தடிப்புக்கும் பயப்பட வைப்பது என் நோக்கமில்லை. என் சிகிச்சை அறைக்கு வரும் தடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை வேர்க்குரு, படர்தாமரை, சிரங்கு, காணாக்கடி, குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலோடு வரும் புள்ளிகள். அரிப்பு இருக்கிறது, ஆள் தெளிவாக இருக்கிறார், சாப்பிடுகிறார், வாய் சுத்தமாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை என்றால் நாளைக்கு வரலாம், வார இறுதியிலும் வரலாம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது அதில் இறங்கி வேலை செய்தவர்களுக்குத் தோல் எரிச்சல் வந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் இருக்கும் அப்படிப்பட்ட எரிச்சலையும், உடம்புக்குள்ளிருந்து வரும் தடிப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்ட இடத்தின் எல்லையோடு நிற்பது பொதுவாக ஆபத்துக் குறைந்தது.

காணாக்கடியோடு மூச்சுத் திணறல், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், தலைச்சுற்றல், தொடர் வாந்தி ஏதாவது சேர்ந்தால் நிமிடங்கள் முக்கியம். படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, 108ஐ அழைக்க வேண்டும். மூச்சுத் திணறுபவரை உட்கார விடலாம். அங்கே உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

காய்ச்சலோடு சிறு சிறு புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். எவர்சில்வரில் ஒன்றும் தெரியாது, கண்ணாடியே வேண்டும். அழுத்தும்போது மறையாத புள்ளி என்றால் தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கிறது. டெங்கு, இரத்தத்தில் பரவும் கிருமித் தொற்று, தட்டணுக் குறைவு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். மழைக்காலம் முடியும் மாதங்களில் இந்தப் பரிசோதனையை எல்லா வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாட்கள்தான் அபாயமானவை. காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று தளர்ந்துவிடக் கூடாது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், மயக்கம் என்றால் இரவானாலும் கிளம்ப வேண்டும்.

மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மீன் முள் குத்தியோ வலை அறுத்தோ ஏற்பட்ட காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினால், பேனாவால் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினாலோ, பார்வைக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தாலோ அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை அது. கடல் நீரில் வாழும் சில கிருமிகள், சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களின் சதையை ஒரே நாளில் அழிக்கக்கூடியவை.

புதிய மருந்து தொடங்கி எட்டு வாரத்துக்குள் தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், முகம் வீங்கினால், கழுத்தில் நெறி கட்டினால், கண் மஞ்சளானால், வாயில் ஒரு புண் வந்தால்கூட, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் அவர் மருத்துவமனையில் இருக்க வேண்டும். வலிப்பு மருந்துகளான பெனிட்டாயின், கார்பமசெபைன், லாமோட்ரிஜின், பீனோபார்பிட்டோன், சல்ஃபா வகை மருந்துகள், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், எச்.ஐ.வி.க்கான நெவிரபின், பைராக்சிகாம் போன்ற சில வலி மாத்திரைகள் ஆகியவை முன்வரிசையில் நிற்பவை. வலிப்புக்காக மருந்து சாப்பிடுபவர் அதை நிறுத்தியபின் வீட்டில் இருந்துவிடக் கூடாது. மீண்டும் வலிப்பு வராமல் வேறு மருந்துக்கு மாற்றும் வேலை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும்.

போகும் இடத்தில் இந்தப் பகுதிக்குக் குறையில்லை. பழையவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் அவசர சிகிச்சைப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. குழந்தைகளுக்கு எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனை. கண் தொடர்பான பிற்காலச் சிகிச்சைக்கு 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை.

ஏன் இவருக்கு மட்டும்

ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1922இல் இரண்டு சிறுவர்களிடம் கண்டு எழுதியதால் இந்த நோய்க்கு அவர்களுடைய பெயர். அதே கார்பமசெபைனை லட்சக்கணக்கானவர்கள் ஒரு தொல்லையும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். வித்தியாசத்தின் ஒரு பகுதி மரபணுவில் இருக்கிறது. எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகையைக் கொண்டவர்களுக்குக் கார்பமசெபைனால் இந்த நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் அந்தப் பரிசோதனையைச் செய்யப் பரிந்துரைத்தது. இந்திய நோயாளிகளிடமும் அந்தத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. இந்த வகை இல்லாதவர்களுக்கும் நோய் வந்திருப்பதால், பரிசோதனை சரியாக இருந்தாலும் முதல் இரண்டு மாதம் கண்காணிப்பு தேவை. மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவர், காய்ச்சலோ தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரை சாப்பிடாமல் உடனே வாருங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லி அனுப்ப அரை நிமிடம்கூட ஆகாது.

தொடர்ச்சி

முகவலி திரும்ப வந்தது. ஆக்ஸ்கார்பசெபைன், பெனிட்டாயின், லாமோட்ரிஜின் போன்ற வழக்கமான மாற்றுகளை இவருக்குக் கொடுக்க முடியாது. வேதியியல் அமைப்பில் நெருங்கியவை, அதே எதிர்வினையைக் கிளப்பக்கூடியவை. பாக்லோஃபென், கேபாபென்டின் என்ற வேறு வழியில் நரம்பு மருத்துவர் போகிறார். வலி முன்போல் முழுதாக அடங்கவில்லை. நரம்பை அழுத்தும் இரத்தக் குழாயை விலக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

மருத்துவமனை கொடுத்த ஒவ்வாமை அட்டையில் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன. மகள் அவற்றைத் தமிழிலும் எழுதிச் சேர்த்து மூன்று படிகள் எடுத்தாள். ஒன்று அம்மாவின் கைப்பையில், ஒன்று அப்பாவின் லாரியில். மூன்றாவதை, வலிப்புக்காகச் சிகிச்சை பெறும் தன் மாமா மகன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரத்த உறவில் ஒருவருக்கு இந்த எதிர்வினை வந்திருப்பதை அந்தப் பையனின் மருத்துவரிடம் சொல்லியாகிவிட்டது. கார்பமசெபைன், பெனிட்டாயின் இரண்டையும் தவிர்த்து வேறு மருந்தில் அவனுடைய சிகிச்சை நடக்கிறது.